பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை

நாள்தோறும் காலையில் நீங்கள் ஏறும் மின்சார ரயிலில் எதிர் இருக்கையில் அமரும் மனிதரை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். அவர் எந்த நிலையத்தில் ஏறுவார், எங்கே இறங்குவார், எந்தப் பையில் சாப்பாட்டு டப்பாவை வைத்திருப்பார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். சென்ற ஆண்டு அவர் மீசையை எடுத்துவிட்டதும், சில மாதங்களாக அவர் முகம் வாடியிருப்பதும்கூட உங்களுக்குத் தெரியும். அவருடைய பெயர் மட்டும் தெரியாது. நீங்கள் கேட்டதில்லை, அவரும் கேட்டதில்லை.

இதற்காக உங்களைக் குற்றப்படுத்த வரவில்லை. ஊரைவிட்டு வண்டி ஏறிய அன்று நம் ஒவ்வொருவருக்கும் வீட்டார் சொல்லி அனுப்பியது ஒன்றுதான். "பையை மடியிலே வைத்துக்கொள். யார் எது கொடுத்தாலும் வாங்கித் தின்னாதே. ஊர் பேர் கேட்டால் சொல்லாதே." அந்த அறிவுரை நம்மில் பலரைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் பயணத்திற்குச் சொன்ன அறிவுரையை வாழ்நாள் முழுவதற்கும் எடுத்துக்கொண்டு, முப்பது, நாற்பது ஆண்டுகளாய்ப் பையை மடியில் வைத்தபடியே உட்கார்ந்திருக்கிறவர்கள் நம் நடுவில் உண்டு. அப்படிப்பட்ட ஒருவரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்னும் நிபந்தனையோடு அவரே இதைச் சொல்ல அனுமதித்தார்.

கற்சுவரில் அமர்ந்தவர்

அவர் 1984-ல் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மும்பைக்கு வந்தவர். அப்போது வயது இருபத்துநான்கு. தாராவியில் உறவினர் வீட்டுப் பரணில் படுத்துக்கொண்டு, ஒரு சரக்குக் கிடங்கில் கணக்கெழுதும் வேலைக்குச் சென்றார். இரண்டு ஆண்டுகளில் வயிற்றைக் கட்டி ஆறாயிரம் ரூபாய் சேர்த்தார். "நானும் உங்கள் பக்கத்து ஊர்தான் தம்பி" என்று சொல்லிப் பழகிய ஒருவர், அறை பிடித்துத் தருவதாக அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு போனார். போனவர் திரும்பவில்லை. பக்கத்து ஊரில் விசாரித்தபோது, அப்படி ஒருவர் அங்கே பிறந்ததேயில்லை என்று தெரிந்தது.

அன்று அவர் ஒரு முடிவெடுத்தார். யாரையும் பகைப்பதில்லை; யாரையும் நம்புவதுமில்லை. அந்த முடிவை அவர் உண்மையாய்க் காத்தார். திருமணம் செய்தார், மகளைப் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்தார், 2018-ல் ஓய்வுபெற்றார். ஆராதனைக்குத் தவறாமல் வருவார். கடைசி வரிசையில் அமர்வார். ஆசீர்வாத ஜெபம் முடிந்து மற்றவர்கள் கண் திறக்குமுன் படியிறங்கிவிடுவார். 2020-ல் மனைவி இறந்த பிறகு மாகிமில் ஓர் அறையில் தனியே வாழ்ந்தார். சென்னையிலிருக்கும் மகள் ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசுவாள். மற்ற ஆறு நாட்களும் அவருக்குப் பேச ஆளில்லை. ஆள் தேவை என்று அவரும் எண்ணவில்லை.

ஆனால் பார்ப்பார். மாலையானால் கடற்கரையோரக் கற்சுவரில் அமர்ந்து மனிதர்களைப் பார்ப்பது அவருடைய வழக்கம். யார் யாரோடு கோபமாயிருக்கிறார், எந்தப் பிள்ளை எந்தத் தாயினுடையது, யார் வேலை இழந்தும் வீட்டில் சொல்லாமல் கடற்கரையில் நேரம் போக்குகிறார் என்பதையெல்லாம் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பார். "பார்த்தால் காசு போகாது" என்று அவரே என்னிடம் ஒருமுறை சொன்னார்.

மணலில் ஒரு ராட்டினம்

மும்பையில் வாழும் வாசகர்களுக்கு மாகிம் மேளாவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்ற நகரங்களில் இருப்பவர்களுக்காகச் சொல்லுகிறேன். 1431-ல் மறைந்த மக்தூம் அலி மாகிமி என்னும் இஸ்லாமியப் பெரியவரின் தர்காவை ஒட்டி, டிசம்பர் மாதத்தில் பத்து நாட்கள் இந்த மேளா நடைபெறும். முதல் நாளில் மும்பை காவல்துறையினரே ஊர்வலமாய் வந்து மரியாதை செலுத்துவது நெடுங்கால வழக்கம். தெருவெங்கும் ராட்சத அளவில் பரோட்டாவும் அல்வாவும் விற்கப்படும். வழிபாடு அந்தச் சமயத்தாருக்குரியது. ஆனால் தர்காவுக்குப் பின்னால் கடலோர மணலில் அமைக்கப்படும் ராட்டினங்கள் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளுக்கும் உரியவை.

ராட்டினம் என்ற சொல்லைக் கேட்டாலே உங்களில் பலருக்கு ஊர்த் திருவிழாக்கள் நினைவுக்கு வரும். தூத்துக்குடியிலும் வேளாங்கண்ணியிலும் கடற்காற்றில் சுற்றியவர்கள் நம்மிடையே எத்தனையோ பேர். இது மிகப் பழைய விளையாட்டு. 1620-ல் துருக்கியர் ஆண்ட பால்கன் நாடுகளின் வழியே பயணம் செய்த பீட்டர் மண்டி என்னும் ஆங்கிலேயர், அங்கே மக்கள் ஏறிச் சுற்றிய மரச் சக்கரங்களைக் குறித்து எழுதியிருக்கிறார். 1893-ல் சிகாகோ உலகப் பொருட்காட்சியில் ஜார்ஜ் ஃபெரிஸ் என்னும் பொறியாளர் 264 அடி உயரத்தில், 36 பெட்டிகளோடு அமைத்த சக்கரமே இன்றைய ராட்சத ராட்டினங்களுக்கு முன்னோடி.

நம் கதைக்குரியதோ அவ்வளவு பெரியதன்று. நடுவில் ஓர் இரும்புக் கம்பம். அதிலிருந்து பிரியும் கைகள். கைகளின் முனையில் குதிரையும் யானையும் மானுமாகப் பிள்ளைகள் உட்காரும் இருக்கைகள். இயந்திரம் கிடையாது. ஓர் இளைஞர் கைகளால் தள்ளிக்கொண்டே கூட ஓடுவார். வேகம் பிடித்ததும் விட்டுவிட்டு விலகி நிற்பார். குடை ராட்டினம் என்று நம் ஊரில் சொல்வோமே, அதுதான்.

2022 டிசம்பரில் நம் பெரியவரின் கண் அந்த இளைஞர்மேல் விழுந்தது. உத்தரப் பிரதேசத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவர். வயது இருபதைத் தாண்டியிருக்காது. பிள்ளைகளை ஏற்றும் விதந்தான் பெரியவரை ஈர்த்தது. வரிசையில் முதலில் நின்ற பிள்ளையை முதல் இருக்கையில் வைக்கமாட்டார். ஒரு பிள்ளையைப் பார்ப்பார். வரிசையை மேலும் கீழும் பார்ப்பார். பிறகு ஏழாவதாக நிற்கும் பிள்ளையைக் கூப்பிட்டு எதிர்ப்பக்கத்தில் உட்காரவைப்பார். பெற்றோர் முறைத்தாலும் பொருட்படுத்துவதில்லை. ஏன் இப்படிச் செய்கிறார் என்பது பெரியவருக்கு விளங்கவில்லை. விளங்காத ஒன்றை அவர் விட்டுவிடுகிறவர் அல்லர். மறுநாளும் வந்தார்.

முதல் வார்த்தை

ஆறாம் நாள் மாலையில் ஒரு சிறுவனின் செருப்பு சுழற்சியில் கழன்று வந்து கற்சுவரின் அடியில் விழுந்தது. "அண்ணா, அதைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள்" என்று இந்தியில் கேட்டார் இளைஞர். தென்னாட்டார் யாவரும் மும்பையில் 'அண்ணா'தான்; அதில் உறவு ஏதும் இல்லை. பெரியவர் எடுத்துக் கொடுத்தார், பேசவில்லை. எட்டாம் நாள் இளைஞர் ஒரு குவளைத் தேநீரைக் கொண்டுவந்து சுவரில் வைத்தார். யார் எது கொடுத்தாலும் வாங்கித் தின்னாதே! பெரியவர் அதைத் தொடவில்லை. தேநீர் ஆறிப்போயிற்று. பத்தாம் நாள் இரவு ராட்டினத்தைப் பிரித்து லாரியில் ஏற்றினார்கள். "அடுத்த வருடம் பார்ப்போம் அண்ணா" என்று இளைஞர் கையசைத்தார். அதற்கும் பதில் இல்லை.

2023 டிசம்பரில் மேளா தொடங்கிய முதல் மாலையே பெரியவர் கடற்கரைக்குப் போனார். வழக்கமான நடைப்பயிற்சி என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டாராம். அதே ராட்டினம், அதே இளைஞர். அவரைக் கண்டதும், "அண்ணா, மெலிந்துபோனீர்களே" என்றார்.

பெரியவர் திடுக்கிட்டார். "என்னை உனக்கு எப்படித் தெரியும்?"

"போன வருடம் பத்து நாளில் ஒன்பது நாள் வந்தீர்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வரவில்லை. உடம்புக்கு ஏதோ என்று நினைத்தேன்."

அந்த வெள்ளிக்கிழமை அவர் உபவாச ஜெபத்திற்குச் சென்றிருந்தார். அவர் வராததை இந்த மாநகரத்தில் ஒரு மனிதர் கவனித்திருக்கிறார் என்பது அவருக்கு ஓராண்டுக்குப் பின்பே தெரியவந்தது.

இளைஞர் தம் தொழிலின் இரகசியத்தையும் அன்றுதான் சொன்னார். எதிரெதிர் இருக்கைகளில் எடை சமமாக இல்லாவிட்டால் கம்பம் ஒருபக்கமாய் இழுக்கும். மணலில் பலகை பரப்பி அதன்மேல் நிறுத்திய கம்பம் அது. இழுத்து இழுத்து ஆட்டங்கொடுத்தால் பலகை புதையும், மரை தளரும், பிள்ளைகளுக்கு ஆபத்து. தராசு கிடையாது. ஆகையால் ஒவ்வொரு பிள்ளையையும் கண்ணாலேயே நிறுத்துப் பார்க்க வேண்டும். எது அழும், எது நடுவில் இறங்கப் பார்க்கும், எது பிடியை விடும் என்பதையும் ஏற்றுமுன் அறிய வேண்டும். "என் வேலையே பார்ப்பதுதான் அண்ணா" என்றார்.

நாற்பது ஆண்டுகளாகத் தாம் ஒருவரே பார்ப்பவர் என்று எண்ணியிருந்தவர், தம்மையும் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அறிந்தபோது என்ன உணர்ந்திருப்பார்? "முதலில் கோபம் வந்தது, பிறகு அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்" என்றார் என்னிடம்.

அதன்பின் தேநீரைக் குடித்தார். நாள்தோறும் ஏதேனும் பேசினார்கள். ஓர் ஊர் மேளா முடிந்ததும் லாரியில் அடுத்த ஊருக்குப் போவது, இரவில் ராட்டினத்தின் அடியில் தார்ப்பாய் விரித்துப் படுப்பது, மழைக்காலம் நான்கு மாதமும் வேலையின்றி ஊர் திரும்பி நாற்று நடுவது, சம்பளத்தை முதலாளி பருவ முடிவில் மொத்தமாய்க் கொடுப்பது, அதுவரை செலவுக்கு மட்டும் சில்லறை கிடைப்பது என எல்லாவற்றையும் இளைஞர் சொன்னார். பெரியவர் தம் மனைவியைப் பற்றிச் சொன்னார். அதை அவர் அதுவரை எவரிடமும் பேசியதில்லை.

மறுத்த நாள்

ஒன்பதாம் நாள் மாலையில் இளைஞர் தயங்கித் தயங்கி மூவாயிரம் ரூபாய் கடன் கேட்டார். தாய்க்கு ஊரில் மருத்துவச் செலவு. பருவம் முடிந்ததும் திருப்பித் தருவதாகச் சொன்னார்.

வாசகரே, உங்களில் எத்தனை பேருக்கு இந்த இடத்தில் நெஞ்சு இறுகுகிறது என்று எனக்குத் தெரியும். பெரியவரின் சட்டைப்பையில் அன்று ஐயாயிரம் ரூபாய் இருந்தது. ஆனால் அவர் கண்முன் நின்றது 1986. "இதற்காகத்தானா இத்தனை தேநீரும்?" என்று உள்ளம் கேட்டது. "என்னிடம் பணமில்லை" என்று எழுந்து போனார். பத்தாம் நாள் கடற்கரைப் பக்கமே தலைகாட்டவில்லை.

பதினோராம் நாள் மனம் பொறுக்காமல் போனபோது மணல் வெறுமையாயிருந்தது. கம்பம் நின்ற குழிமட்டும் பாதி தூர்ந்து கிடந்தது. அருகில் தேநீர் விற்பவரிடம் சென்று ராட்டினத்துப் பையனைப் பற்றிக் கேட்டார். பல ஆண்டுகளாக அவரிடம் தேநீர் வாங்கியும் ஒருநாளும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"உங்களுக்குத் தெரியாதா? நேற்று ராத்திரி பிரிக்கும்போது இரும்புக் குழாய் விழுந்து கைவிரல் இரண்டு நசுங்கிவிட்டது. கட்டுப் போட்டு அதே லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்" என்றார் தேநீர்க்காரர். பிறகு சொன்னார்: "அம்மாவுக்குப் பணம் வேண்டும் என்றான். இரண்டாயிரம் கொடுத்தேன். என்னிடம் அவ்வளவுதான் இருந்தது."

பெரியவர் அந்தத் தேநீர்க்காரரிடம் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு கற்சுவரில் போய் அமர்ந்தார். எண்ணை அழுத்த அரைமணி நேரம் ஆயிற்றாம். மறுமுனையில் குரல் கேட்டதும் அவரால் மன்னிப்புக் கேட்க முடியவில்லை. "கை எப்படி இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

சற்று நேரம் ஓசையில்லை. பிறகு, "சாச்சா?" என்றது குரல்.

அண்ணா என்பது ஊரார் எல்லாரும் சொல்வது. சாச்சா என்றால் சிற்றப்பன்.

அன்றே அவர் மூவாயிரத்தை அனுப்பினார். அதில் ஆயிரம் இன்னும் திரும்பி வரவில்லை. அவர் கேட்கவுமில்லை. அந்த ஆயிரம் நிலுவையில் இருப்பதே தமக்கு ஆறுதலாய் இருக்கிறது என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார்.

கதவு தட்டப்பட்டது

அதன்பின் வியாழன்தோறும் இரவில் தொலைபேசிப் பேச்சு வழக்கமாயிற்று. கால்மணி நேரந்தான். மழை பெய்ததா, கை மடங்குகிறதா, அம்மா எப்படி என்பதுபோன்ற சாதாரணப் பேச்சு.

2024 ஆகஸ்டில் ஒரு வியாழனன்று பெரியவர் தொலைபேசியை எடுக்கவில்லை. வெள்ளியன்றும் எடுக்கவில்லை. இளைஞர் தம் கிராமத்திலிருந்து மாகிம் தேநீர்க்காரரை அழைத்தார். தேநீர்க்காரருக்கு வீடு தெரியாது. சந்து மட்டும் தெரியும். சந்தில் நான்கு கதவுகளைத் தட்டி, ஐந்தாவதில் கண்டுபிடித்தார். உள்ளே பெரியவர் டெங்குக் காய்ச்சலில் எழுந்திருக்கவும் இயலாமல் கிடந்தார். அரசு மருத்துவமனையில் ஆறு நாட்கள் வைத்திருந்தார்கள். மகள் சென்னையிலிருந்து ஓடிவந்தாள். ஞாயிறு வரைக்கும் காத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று அவள் என்னிடம் கேட்டாள். என்னிடம் பதிலில்லை. அவர் நம் சபைக்கு வருகிறவர். நான் அவருடைய மேய்ப்பன். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை ஜெபத்தில் கடைசி வரிசை காலியாயிருந்ததை நான் கவனிக்கவில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட கிலோமீட்டருக்கு அப்பால் ஒருவர் கவனித்தார். இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆராய்ந்தவர்கள் கண்டது

இது ஒரு தனிமனிதனின் சுபாவம் என்று எண்ணிவிடாதீர்கள். ஜெர்மன் அறிஞர் கியோர்க் சிம்மல் 1903-லேயே மாநகர வாழ்வைக் குறித்து ஒரு கட்டுரை எழுதினார். நகரத்தில் ஒரு நாளில் கண்முன் வரும் முகங்கள் எண்ணற்றவை. அத்தனை பேருக்கும் உள்ளத்தைத் திறந்து வைத்தால் மனிதன் தாங்கமாட்டான். ஆகையால் தன்னைக் காத்துக்கொள்ள ஓர் ஒதுக்கத்தை மேற்கொள்கிறான் என்பது அவர் கருத்து. ஆக, ஒதுங்கியிருப்பது கேடயமே. கேடயத்தைக் கழற்றாமலேயே உறங்கப் போவதுதான் தவறு.

1972-ல் அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம், ரயில் நிலைய மேடையில் நாள்தோறும் காத்திருப்போரின் புகைப்படங்களை அவர்களிடமே காட்டி ஆராய்ந்தார். பெரும்பாலோர், பேசியே இராத ஒருவரையாவது அடையாளம் கண்டனர். இப்படிப்பட்டவர்களை அவர் 'பழகிய அந்நியர்' என்று அழைத்தார். இவர்களுக்கிடையே பேசாத காலம் நீள நீள, பேசத் தொடங்குவது கடினமாகிறது என்பதையும், ஏதேனும் ஓர் இடர் நேரிட்டால் அந்தச் சுவர் சட்டென இடிந்துவிடுகிறது என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். நம் பெரியவருக்கும் தேநீர்க்காரருக்கும் நேரிட்டது இதுவேயன்றோ?

நட்பு வளர எவ்வளவு நேரம் வேண்டும்? அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரமும், நண்பராக 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் ஒன்றாய்ச் செலவிட வேண்டியிருக்கிறது. பெரியவரோடு உட்கார்ந்து நானும் கணக்குப் பார்த்தேன். இரண்டாம் மேளாவில் ஒன்பது மாலைகள், நாளுக்கு இரண்டு மணி நேரம், ஆகப் பதினெட்டு. ஓராண்டு வியாழக்கிழமைகள் சேர்ந்து ஏறக்குறைய பன்னிரண்டு. மூன்றாம் மேளாவில் பத்து மாலைகள், இருபது. கூட்டினால் ஐம்பது. "அப்படியானால் இப்போதுதான் ஆரம்பம்" என்றார் அவர்.

உலகச் சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்றும், தனிமையோடு தொடர்புடைய மரணங்கள் ஆண்டுக்கு 8,71,000-க்கு மேல் என்றும் மதிப்பிடுகிறது. அந்த ஆறாமவர் நம் பெஞ்சிலும் அமர்ந்திருக்கலாம்.

மரத்தின்மேல் ஒருவன்

வேதத்தை அறிந்த உங்களுக்குச் சகேயுவை நினைவூட்ட வேண்டியதில்லை. எரிகோவில் ஆயக்காரருக்குத் தலைவன். ஜனங்கள் அவனை வெறுத்தார்கள். அவனும் அவர்களை விட்டு விலகியிருந்தான். காட்டத்தி மரத்தில் ஏறியது பார்ப்பதற்காகத்தான், பார்க்கப்படுவதற்காக அன்று. ஆனால் கீழே வந்து நின்றவர் அண்ணாந்து பார்த்து, பெயர் சொல்லி அழைத்தார். அவனுக்கு உபதேசம் செய்யவில்லை. அவன் வீட்டில் தங்க வேண்டும் என்றார். பார்த்துக்கொண்டிருந்தவனை இறங்கிவரச் செய்தது, தன் பெயரைத் தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்பதே.

நம் பெரியவரும் இளைஞரும் வெவ்வேறு சமயத்தவர்கள். அவர்கள் அதைப் பற்றியும் பேசுகிறார்கள். ஒருவருக்காக ஒருவர் வேண்டிக்கொள்கிறார்கள். அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆத்துமாக்களை எண்ணிக் கணக்குக் காட்டும் அவசரத்தில் மனிதர்களைத் தவறவிட்டிருக்கிறோம் என்பதை மட்டும் என் பங்குக்கு அறிக்கையிடுகிறேன்.

நீங்கள் செய்யக்கூடியவை

முதலாவது, பெயரைக் கேளுங்கள். காவலாளி, பால்காரர், மாடிப்படி பெருக்கும் அம்மாள், ரயிலில் எதிரில் அமர்பவர், இவர்களில் ஒருவரிடமிருந்து தொடங்குங்கள். பெயரைக் கேட்குமுன் உங்கள் பெயரைச் சொல்லுங்கள்.

இரண்டாவது, எச்சரிக்கையைக் கைவிடாதீர்கள். ஏமாற்றுக்காரர் இன்றும் உண்டு. வங்கி எண்களையும் இரகசியக் குறியீடுகளையும் எவரிடமும் சொல்லலாகாது. போனால் தாங்கக்கூடிய தொகையை மட்டும் கடனாகக் கொடுங்கள். ஆனால் தேநீர் குடிப்பதற்கும் வாழ்நாள் சேமிப்பை ஒப்படைப்பதற்கும் நடுவே எத்தனையோ படிகள் உண்டு. ஒவ்வொரு படியாக ஏறலாம்.

மூன்றாவது, உங்களுக்குத் தெரிந்ததைக் கொடுங்கள். 2024 மேளாவின்போது பெரியவர் கொண்டுபோனது காசை அன்று, தமது கணக்கர் அறிவை. அமைப்புசாராத் தொழிலாளருக்காக மத்திய அரசு 2021 ஆகஸ்ட் 26-ல் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவில் இளைஞரைச் சேர்த்தார். 16 முதல் 59 வயது வரையுள்ளவர்கள் ஆதாரைக் கொண்டு பொதுச் சேவை மையங்களில் பதிந்துகொள்ளலாம். பன்னிரண்டு இலக்க எண் ஒன்று கிடைக்கும். வங்கிக் கணக்கின் வழியாகப் பிரதமரின் விபத்துக் காப்பீட்டிலும் சேர்த்தார். ஆண்டுக்கு 20 ரூபாய்; விபத்தில் மரணமோ முழு ஊனமோ நேரிட்டால் இரண்டு லட்சம், நிரந்தரமான பகுதி ஊனத்துக்கு ஒரு லட்சம். நசுங்கிப்போன விரல்களுக்கு அது பயன்படாது. ஒன்று இன்றும் மடங்குவதில்லை. ஆயினும் இனி வரும் நாட்களுக்கு அது ஒரு துணை. ஊரில் ரேஷன் அட்டை உள்ளவர்கள் தங்கள் பங்கை நாட்டின் எந்த மாநிலத்திலும் வாங்கலாம் என்னும் திட்டம் 2022 முதல் எல்லா மாநிலங்களிலும் உண்டு. அதையும் சொல்லிக் கொடுத்தார். உங்கள் தெருவிலும் இவற்றை அறியாத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். படித்துச் சொல்ல அரைமணி நேரம் போதும்.

நான்காவது, வராதவர்களைக் கவனியுங்கள். வந்தவர்களை எண்ணுவது எளிது. ஞாயிறன்று காலியாயிருக்கும் ஓரிடத்தைக் கண்டால், திங்களன்று அந்தக் கதவைத் தட்டுங்கள். வீட்டு விலாசம் தெரியாவிட்டால், அதைத் தெரிந்துகொள்வதே உங்கள் முதல் வேலை.

பன்னிரண்டு அடி

2024 டிசம்பரின் கடைசி மேளா நாளில் நானும் அங்கே போயிருந்தேன். கற்சுவரில் தேடினேன், அவரைக் காணவில்லை. ராட்டினத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு உள்ளே, ஒரு சிறிய முக்காலியில் அமர்ந்து பிள்ளைகளிடம் சீட்டு வாங்கிக்கொண்டிருந்தார். ஒரு கொழுத்த பையனைப் பார்த்து, வரிசையை மேலும் கீழும் பார்த்து, "இரு, உனக்கு எதிரே யாரைப் போடலாம்" என்று தமக்குள் தமிழில் முணுமுணுத்தார். இளைஞர் நல்ல கையால் கம்பியைப் பிடித்துத் தள்ளத் தொடங்கினார். ராட்டினம் ஆட்டமின்றிச் சுழன்றது.

அந்தக் கற்சுவருக்கும் முக்காலிக்கும் இடையிலுள்ள தூரத்தை நடந்து பார்த்தேன். பன்னிரண்டு அடி வைத்தால் போய்விடலாம். அதைக் கடக்க அவருக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

அன்பான வாசகரே, நாளைக் காலையும் அந்த மனிதர் உங்கள் எதிர் இருக்கையில் அமர்வார். அவரும் உங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். நீங்கள் ஒருநாள் வராவிட்டால் கவனிப்பார். ஆனால் எங்கே விசாரிப்பது என்று அவருக்குத் தெரியாது. உங்கள் பெயரை அவருக்குச் சொல்லுங்கள்.